நாலாவது கிளாஸ்

ஐந்து கிளாஸ். ஐந்திலும் இரண்டு விரல் உயரத்துக்குச் சிவப்பு ஒயின். காலை பதினோரு மணி, வெளியே புதுச்சேரி வெயில் கடற்கரைக் கல்லையெல்லாம் அடுப்பில் போட்ட மாதிரி காய்ச்சிக்கொண்டிருந்தது, உள்ளே ஓட்டலின் மாடி அறையில் ஏ.சி. போட்டு, திரையை இழுத்துவிட்டு, மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள், இன்னாசிமுத்துவுக்கு நாற்காலியில் உட்காரும்போதே அலுப்பாக இருந்தது. முட்டி வலிக்கிற அலுப்பு இல்லை. தூக்கம் கெட்ட அலுப்பும் இல்லை. இருபத்தாறு வருஷமாக ஒரு மனுஷனிடம், எடு, மோந்து பார், வாயில் ஊற்று, கொப்பளி, துப்பு, அடுத்ததை எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வருமே, அந்த அலுப்பு. துப்பு என்பதுதான் அதில் முக்கியம். ஊர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது? முத்து சாருக்கென்ன, ஓட்டலில் உட்கார்ந்து பிரெஞ்சுச் சரக்காகக் குடித்துவிட்டு அதற்குச் சம்பளமும் வாங்குகிறார், கொடுத்து வைத்த மகராசன். குடித்தால் அல்லவா மகராசன்! வாய் நிறைய வாங்கி, நாக்கின் நுனிக்குக் காட்டி, அடிக்குக் காட்டி, கன்னத்துக்குக் காட்டி, காட்டி முடித்ததும் பக்கத்தில் இருக்கிற படிக்கத்தில் துப்பிவிட வேண்டும். பந்தியில் இலை போட்டு, பரிமாறி, கவளத்தை வாய்வரை கொண்டுபோனதும் எழுந்திரு என்று சொல்கிற பிழைப்பு. துப்பாவிட்டால் ஐந்தாவது கிளாசில் மூக்கு மங்கிவிடும், பத்தாவதில் ஆளே மங்கிவிடுவான், அதனால் இந்தத் தொழிலில் உலகம் முழுக்கத் துப்புகிறார்கள், இதில் அவமானம் ஒன்றும் கிடையாது. வெள்ளி முலாம் பூசின படிக்கம், வாய் அகன்று கழுத்து ஒடுங்கி, அவருடைய வலது கைப் பக்கம் இருந்தது. நேற்றோடு நாற்பத்து மூன்று நாள். இன்றைக்கு நாற்பத்து நாலு. ஒரு சொட்டு முழுங்காமல்.

எதிரே வைதேகி மேடம் உட்கார்ந்திருந்தார். மாமனார் தவறியபிறகு இரண்டு வருஷமாக ஓட்டலை அவர்தான் பார்த்துக்கொள்கிறார், முப்பத்தைந்து வயசு, நல்ல மாதிரி, ஆனால் பேச்சு வந்துவிட்டால் எதிராளி வாயில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். அவருக்குப் பக்கத்தில் கபிலன், சென்னை இறக்குமதிக் கம்பெனிக்காரன், புட்டிகளைக் கொண்டுவந்தவன். ஐந்து புட்டிக்கும் கழுத்துவரை காக்கித் தாளைச் சுற்றி ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருந்தான். "பேரைப் பாத்துட்டு நாக்கு மயங்கிடக் கூடாதுல்ல சார்," என்றான். ஐந்தும் ஐந்து ஊர்ச் சரக்கு. பிரான்சில் இரண்டு, ஸ்பெயினில் ஒன்று, அர்ஜென்டினாவில் ஒன்று, நம்ம நாசிக்கில் ஒன்று. எது எந்த ஊர் என்று இன்னாசிமுத்து சொல்ல வேண்டும், அப்புறம் புது மெனுவுக்கு இரண்டைப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். ஊர் சொல்வதெல்லாம் அவருக்கு ஒரு விஷயமா? நிறத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், மோந்தால் மீதி. தெரியாத விஷயம் வேறு ஒன்று இருந்தது, அது அவருடைய தொண்டைக்குள் இருந்தது, இன்றைக்கு என்ன செய்யும் என்று அதற்கே தெரியாது.

முதல் கிளாசைத் தண்டைப் பிடித்து எடுத்துச் சுழற்றினார். வெளிறின சிவப்பு, செம்பருத்திப் பூவை வெந்நீரில் போட்டால் வருகிற நிறம். மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் பிரான்சின் பர்கண்டி என்று தெரிந்துவிட்டது. வெளியில் சொல்லும்போது செர்ரி, காளான், ஈர இலை என்று சொல்வார், அப்படிச் சொன்னால்தான் சாப்பிட வருகிறவர்கள் தலையாட்டுவார்கள். செர்ரியை அவர் கேக்கின் மேலேதான் பார்த்திருக்கிறார். மனசுக்குள் எழுதிக்கொள்வது வேறு. திருவிழா முடிந்த மறுநாள் மாதா சுரூபத்திலிருந்து இறக்கின ரோசாமாலை. மழை பெய்து ஓய்ந்த செம்மண். வாயில் வாங்கினார். லேசு. புளிப்பு முதலில் வந்து நாக்கின் இரண்டு ஓரத்தையும் கிள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. இதை முழுங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? நினைப்பு வந்த வேகத்தில் குனிந்து துப்பிவிட்டார். நல்ல துப்பு, நேராக, விரிப்பில் ஒரு சொட்டுப் படாமல் படிக்கத்துக்குள் போய் விழுந்தது. துப்புவதிலும் ஒரு நேர்த்தி உண்டு, புதிதாக வருகிறவர்கள் முகவாயெல்லாம் ஒழுக விட்டுக்கொண்டு அசடு வழிவார்கள். சரக்கு போய்விட்டது, நினைப்பு போகவில்லை. யாருக்குத் தெரியும்? அதுதானே வினையே. சாராயம் குடிக்கிறவன் வீட்டுக்குப் போனால் பெண்டாட்டி ஊதச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவாள். இவருக்குத் துப்பினாலும் வாய் மணக்கும், முழுங்கினாலும் மணக்கும். மீசையில் மணக்கும், சட்டையில் மணக்கும். பவுலினுக்குப் புருஷன் வாசனை என்றால் கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வாசனைதான். ஆகவே சாட்சி என்று பார்த்தால் அவருடைய வாய்ச்சொல் ஒன்றுதான். பாலுக்குப் பூனையே காவல், பூனையே சாட்சி. இது தெரிந்துதான் அவள் அப்படி ஒரு நிபந்தனை போட்டாள். வேலையை விடச் சொல்லவில்லை, கோயிலுக்கு வந்து சத்தியம் பண்ணச் சொல்லவில்லை. "நான் கேக்க மாட்டேன். தெனம் மத்தியானம் வந்ததும் வாசல்லயே நீங்களா சொல்லணும். துப்பினா துப்பினேன்னு, முழுங்கினா முழுங்கினேன்னு. முழுங்கின அன்னைக்கு நான் என்ன செய்யணுமோ செஞ்சுக்கறேன்." சொல்லிவிட்டு ஒரு நீலப் பையில் நாலு புடவையை மடித்து வைத்து ஜிப்பை இழுத்து மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். காரைக்காலில் அவளுக்குத் தம்பி இருக்கிறான், வா அக்கா, வா அக்கா என்று வருஷம் முழுக்கக் கூப்பிடுகிறவன். செருப்பை எடுக்கக் குனிகிறபோதெல்லாம் இன்னாசிமுத்துவின் கண்ணில் அந்த நீலம் படும். படட்டும் என்றுதான் வைத்திருக்கிறாள்.

இரண்டாவது கிளாஸ் கறுத்த சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம் தட்டியிருந்தது, அப்படியென்றால் வயசான சரக்கு. வாயில் விட்டதும் துவர்ப்பு பிடித்துக்கொண்டது, பச்சைப் பாக்கைக் கடித்தால் ஈறெல்லாம் இழுக்குமே அந்த மாதிரி. அதற்குப் பின்னால் நாவல்பழம், சீவின பென்சில், பழைய பைபிளின் தோல் அட்டை. போர்தோ, பிரான்சின் இன்னொரு சரக்கு. போர்தோ என்றால் அவருக்கு எச்சில் ஞாபகம் வரும். என்ன செய்ய, அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம். ஓட்டலுக்கு மேசை துடைக்கிற ஆளாக வந்தவருக்கு யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? சாப்பிட்டுவிட்டுப் போகிற வெள்ளைக்காரர்கள் கிளாசில் கடைசி ஒரு வாயை விட்டுவைத்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அது ஒரு நாகரிகம். கழுவப் போடுவதற்குக் கொண்டுபோகிற வழியில் மாடிப்படித் திருப்பத்தில் நின்று அந்தக் கடைசி வாயை நாக்கில் விட்டுப் பார்ப்பார், மேசையில் இருந்த புட்டியின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்வார், மறுநாள் வேறு கிளாஸ், வேறு பெயர். அடுத்தவன் எச்சிலில் படித்த படிப்பு, பவுலினிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. அப்போதெல்லாம் துப்ப வேண்டும் என்றே தெரியாது. பெரிய முதலாளி, மேடத்தின் மாமனார், இவருடைய நாக்கைக் கண்டுபிடித்து பெங்களூருக்கு ஒரு சுவை பார்க்கிற கூட்டத்துக்கு அழைத்துப் போனபோது கோட்டுப் போட்ட பத்துப் பேர் வரிசையாகத் துப்புவதைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், ஈ விழுந்துவிட்டது போல என்று நினைத்தார். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் ஒழுங்காகத் துப்பின மனுஷன்தான் இவர், யாரும் குறை சொல்ல முடியாது. மறுபடி எப்போது ஆரம்பித்தது? மூன்று வருஷம் இருக்கும், மகளைத் திருச்சியில் கட்டிக்கொடுத்த வருஷம். யாரோ ஒரு பெரிய மனிதர் வரவழைத்து, பாதி குடித்துவிட்டு விட்டுப்போன முப்பது வருஷத்துப் போர்தோ. இவ்வளவு நல்லதை எவனாவது துப்புவானா என்று தோன்றியது. குடிக்கிற ஆசை இல்லை சாமி, ஒரு மரியாதை. அவ்வளவுதான். அடுத்த வாரம் அதில் பாதி நல்ல சரக்குக்கும் அதே மரியாதை செய்தார். அப்புறம் மட்டமான சரக்குக்கும். ஆசை மரியாதை வேஷத்தில் வந்தால் வாசலில் நிறுத்தி நீ யார் என்று கேட்க யாருக்குத் தோன்றுகிறது? வாயில் போர்தோ சூடேறிக்கொண்டிருப்பது தெரிந்து சட்டென்று துப்பினார். "நல்லா இருக்கு போலயே சார், ரொம்ப நேரம் வச்சிருந்தீங்க," என்று கபிலன் சிரித்தான். பல் எல்லாம் கறுத்திருக்கும் என்று தெரிந்ததால் இன்னாசிமுத்து வாயை மூடிக்கொண்டே சிரித்தார்.

மூன்றாவதை மோந்ததும் கை நின்றுவிட்டது. கொப்பரைத் தேங்காய். செக்கடியில் நின்றால் வருமே, அந்த வாசனை. ரியோஹா. ஸ்பெயின்காரர்கள் அதை ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் அடைத்து வைப்பார்கள், மரத்திலிருந்து இந்தத் தேங்காய் வாசனை இறங்கிவிடும். அன்றைக்கும் ரியோஹாதான். இதுவாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் காலையில் படியேறினார், வரும் என்றும் தெரியும், வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு வியாழக்கிழமை. இதே அறை, இதே மேசை, நாலு புட்டி ரியோஹா பார்த்து முடித்ததும் நாலிலும் பாதிப் பாதி மிச்சம். கீழே புட்டி அடுக்குகிற குளிர் அறைக்கு எடுத்துப் போனார், வைத்துவிட்டு வரத்தான் போனார், அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் கிடந்தது, உட்கார்ந்தார். சுவை பார்க்கும்போது மணி அடிக்கக் கூடாது என்று போனை ஊமையாக்கியிருந்தார். வீட்டில் பவுலின் பன்னிரண்டே முக்காலுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மணிக்கு வந்துவிடுவார், சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தாள். அவள் வழக்கம் அது. ஊசி போட்டால் சாப்பிட்டாக வேண்டும், அது அவளுக்கும் தெரியும், இதோ வந்துவிடுவார், இதோ வந்துவிடுவார் என்று பத்து நிமிஷம், இன்னொரு பத்து நிமிஷம். பதினோரு தடவை போன் அடித்திருக்கிறாள். பதினோரு தடவையும் இவர் தொடைக்குப் பக்கத்திலேயே அது மின்னி மின்னி அணைந்திருக்கும், இவர் தேங்காய் வாசனைக்குள் தலை தொங்கிக் கிடந்தார். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தனராசு தண்ணீர்க் குழாய் விஷயமாகத் தற்செயலாகக் கதவைத் தட்டப் போய், பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தற்செயலாக! அந்த ஆளுக்குக் குழாய் ஒழுகாமல் இருந்திருந்தால்? அந்த இடத்துக்கு வந்ததும் அவருடைய நினைப்பு மாடு மாதிரி நின்றுவிடும், எத்தனை தட்டினாலும் நகராது. ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிப் போய் நின்றபோது அவள் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, கண்ணைத் திறந்து பார்த்தாள், இவர் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: "துப்பினேன்னு மட்டும் சொல்லாதீங்க." அவ்வளவுதான். திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். இப்போதெல்லாம் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டு முடித்துவிடுகிறாள், இவர் தட்டை மூடி வைத்துவிட்டு உள் அறைக்குப் போய்விடுகிறாள். ரியோஹாவை வாயில் விட்டார், ஒரு சுற்று, அரைச் சுற்று, துப்பினார், மறுபடி தண்ணீரை விட்டுக் கொப்பளித்து அதையும் துப்பினார்.

கண்டம் தாண்டியாகிவிட்டது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது, பாவம். மூன்றுக்கு அப்புறம் எது வந்தாலும் சமாளித்துவிடலாம், நாலு என்ன, ஐந்து என்ன, இன்னும் அரை மணியில் இறங்கி நடந்தால் ஒரு மணிக்கு வாசலில் நின்று துப்பினேன் என்று சொல்லிவிடலாம், அவள் ம் என்பாள், அந்த ம் போதும், நாற்பத்து மூன்று ம் சேர்ந்திருக்கிறது, இன்னொன்று. தோள் தளர்ந்தது. நாலாவது கிளாசை எடுத்தார். கத்தரிப்பூ நிறம், கிளாசின் ஓரத்தில் ஊதா மினுக்கியது, அர்ஜென்டினாவின் மெந்தோசா என்று நிறமே சொல்லிவிட்டது, ஆண்டிஸ் மலை அடிவாரத்துத் தோட்டம். மோந்து பார்த்தது ஞாபகம் இருக்கிறது, ஆனால் என்ன மோந்தார் என்று ஞாபகம் இல்லை, வாய் நிறைய வாங்கிக்கொண்டார். வாங்கின அந்த நிமிஷம் வைதேகி மேடம் மேசைமேல் சாய்ந்து கேட்டார்: "முத்து சார், வந்ததுலேருந்து கேக்கணும்னே இருந்தேன். வீட்டுல அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு? சுகர்லாம் கன்ட்ரோல்ல இருக்கா?" இந்த மாதிரி சமயத்துக்கு என்று தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினால் போதும், கொஞ்சம் இருங்கள் என்று அர்த்தம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மந்திரியே கேட்டாலும் விரலைத் தூக்கிவிட்டுத் துப்பிவிட்டுத்தான் பதில். இருபத்தாறு வருஷமாகத் தூக்கின விரல். ஆனால் மேடம் முகத்தில் நிஜமான அக்கறை இருந்தது, பதிலுக்கு ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பெண்டாட்டியைப் பற்றி விசாரிக்கிற முதலாளி முன்னால் விரலைக் காட்டிவிட்டுக் குனிந்து துப்புவதா? "நல்லா இருக்காங்க மேடம்," என்றார் இன்னாசிமுத்து. சொன்ன பிறகுதான் வாய் காலியாக இருப்பது தெரிந்தது. மார்புக்கு நடுவில் வெதுவெதுவென்று ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. "அப்பாடா," என்றார் மேடம், "கடவுள் புண்ணியம்."

ஐந்தாவதை எப்படிப் பார்த்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. மிளகு, காய்ந்த மிளகாய், வெயிலில் கிடந்த தார்ப்பாய், நாசிக் ஷிராஸ், அது நாக்கு தன்பாட்டுக்குச் செய்கிற வேலை. துப்பும்போது குறி தப்பி விரிப்பில் ஒரு சொட்டு விழுந்து, வெள்ளையில் விரிந்துகொண்டே போனது. மூன்று பேருமே அதைப் பார்த்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கபிலன் ஏதோ தமாஷாகச் சொன்னான். இன்னாசிமுத்து ஊர்களை வரிசையாகச் சொன்னதும் அவன் தாளை ஒவ்வொன்றாகக் கிழித்தான், ஒன்று பர்கண்டி, இரண்டு போர்தோ, மூன்று ரியோஹா, நாலு மெந்தோசா, ஐந்து நாசிக், ஐந்தும் சரி, மேடம் கைதட்டினார். "ஊரைச் சொல்லிட்டீங்க, குணத்தைச் சொல்லுங்க சார்." ஒன்று மீனுக்குப் போகும், வஞ்சிரத்துக்கும் போகும் என்றார். இரண்டு ஆட்டுக்கறிக்கு, ஆனால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே திறந்து வைக்க வேண்டும் என்றார். மூன்றைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். நம்ம காரத்துக்கு ஐந்தை மிஞ்சினது இல்லை என்றார். "நாலு?" நாலு. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டித் தேடினார். ஒன்றுமே இல்லை. துப்பின நாலும் அங்கங்கே உட்கார்ந்திருந்தன, ரோசாமாலை, பைபிள் அட்டை, தேங்காய், மிளகு, கூப்பிட்டால் எழுந்து வரும், முழுங்கின ஒன்று மட்டும் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. "இன்னொரு வாய் பாருங்க சார்," என்று கபிலன் புட்டியைச் சாய்க்கப் போனான். கிளாசைக் கையால் மூடிக்கொண்டார். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே மூடியிருக்க வேண்டும், கபிலன் புட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "நாலு எனக்குத் தெரியல மேடம். நீங்களே பாத்து முடிவு பண்ணிக்குங்க." எழுதிக் கொடுக்கிற தாளில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்துக்கு எதிரே எழுதி, நாலுக்கு எதிரே வெறுமனே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வண்டிச் சாவி அந்த வியாழக்கிழமையிலிருந்து பவுலினிடம் இருக்கிறது, நடந்துதான் போக வேண்டும். முத்தியால்பேட்டையில் இருக்கிற வீட்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். வெயில் மண்டையில் இறங்கியது. ஒரு வாய். ஒரு வாய் என்றால் என்ன, இரண்டு கரண்டி இருக்குமா, இருமல் மருந்தில் இதைவிட அதிகம் இருக்கும். பூசையில் சாமியார் தினம் குடிக்கிறார், அவரை யார் துப்பச் சொல்கிறார்கள்? சின்ன வயசில் கோயில் ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பாவம் பாவமாவதற்கு முழு அறிவு வேண்டும், முழுச் சம்மதம் வேண்டும். அறிவு இருந்ததா? கேள்வி கேட்டதும் தொண்டை தானாகத் திறந்துகொண்டது, தும்மல் வருவது போல, விக்கல் வருவது போல, தும்மினதற்கு யாராவது சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணுவார்களா? ஐந்தில் நாலைத் துப்பியாயிற்று. துப்பினேன் என்று சொன்னால் ஐந்தில் நாலு பங்கு நிஜம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லையே, ஒரு கீற்றுத்தானே. மேடம் மட்டும் ஒரு நிமிஷம் பொறுத்துக் கேட்டிருந்தால். பெரிய அக்கறை! இத்தனை நாள் கேட்காத அக்கறை அந்த நிமிஷத்தில்தான் பொத்துக்கொண்டு வரவேண்டுமா? பவுலினிடம் அதைச் சொன்னால் போதும். உன்னைத்தான் விசாரித்தார்கள், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள், பதில் சொல்லப் போய்த்தான் தொண்டையில் இறங்கிவிட்டது. அவளால் அதற்கு என்ன சொல்ல முடியும்? நல்ல சாக்கு. ரொம்ப நல்ல சாக்கு. அங்கேதான் கால் நின்றது, அஜந்தா சிக்னல் தாண்டி, ஒரு செருப்புக் கடை நிழலில். விரல். வலது கை ஆட்காட்டி விரல் மேசையை விட்டு மேலே கிளம்பினது. கிளம்பினதை அவர் பார்த்தார். பாதித் தூரம் வந்தது. அப்புறம் மெள்ளக் கீழே இறங்கி விரிப்பின்மேல் படுத்துக்கொண்டது. அதை இறக்கியது யார்? மரியாதையா? மரியாதைதான், அதே பழைய மரியாதை, முப்பது வருஷத்துப் போர்தோவுக்குச் செய்த மரியாதை. இல்லை, இல்லை, பதற்றம், வேறு ஒன்றுமில்லை. நாற்பத்து மூன்று நாளாகத் தொண்டை இந்த மாதிரி ஒரு கேள்விக்காக வாசலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்ததோ? அப்படியும் இருக்கலாம். இருக்காது. இருக்கலாம். செருப்புக் கடைக்காரர் என்ன சைஸ் சார் என்றார். ஒன்றும் வேண்டாம் என்று நடந்தார். பயமாக இருந்தது. நீலப் பை இல்லாத கட்டிலடி எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டார், வெறும் தரை, ஒரு ஜோடி செருப்பு, ராத்திரி ஒற்றைத் தட்டைக் கழுவுகிற சத்தம், அவளுக்குக் காரைக்காலில் யார் ஊசியை நேரத்துக்கு ஞாபகப்படுத்துவார்கள், நீ ஞாபகப்படுத்தினாயாக்கும் போடா. துப்பினேன் என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்புறம் அதைக் காவல் காக்க வேண்டும், நாளைக்கும், நாளை மறுநாளும், அவள் ஒவ்வொரு தடவை முகத்தைப் பார்க்கும்போதும். மூன்று வருஷம் அந்தக் காவல் காத்தவருக்குத் தெரியும். பொய் சொல்வதற்கும் தெம்பு வேண்டும். அவருக்கு அலுப்பாக இருந்தது, சாமி, அவ்வளவு அலுப்பாக இருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. பவுலின் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசல் நிலையில் நின்றாள். கேட்கவில்லை. கேட்க மாட்டாள்.

"முழுங்கிட்டேன்," என்றார்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எத்தனை?"

"ஒரு வாய்."

"வேணும்னா, தெரியாமலா?"

உன்னைத்தான் விசாரித்தார்கள் என்பது நாக்கு நுனிக்கு வந்தது. அதை அவர் சொல்லவில்லை. "தெரியல பவுலின். வெரலைத் தூக்கினேன். பாதியில கீழ போட்டுட்டேன். ஏன் போட்டேன்னு தெரியல."

அவள் திரும்பி உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பை தரையில் உரசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. இன்னாசிமுத்து செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார், கழற்றினால் வீட்டுக்குள் வர உரிமை கேட்பது போல ஆகிவிடும் என்று இருந்தது. பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் அறை வாசலுக்கு வந்தாள்.

"நாப்பத்து மூணு நாளா தெனம் வந்து துப்பினேன், துப்பினேன்னீங்க. ஒரு நாள்கூட நான் நம்பல. ம்னு சொல்லிட்டு உள்ள போயி இந்தப் பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க சாப்புட்டு எந்திரிக்கிற சத்தம் கேட்டதும் மறுபடி உள்ள தள்ளிடுவேன்." குரல் கொஞ்சம் உடைந்தது, அதைச் சரிபண்ணிக்கொண்டாள். "இன்னைக்கு நம்பறேன். இன்னைக்குத்தான் அந்த நாப்பத்து மூணையும் நம்பறேன்."

அவருக்கு அழுகை வந்தது. இந்த வயசில் வாசலில் நின்று அழுவதை எதிர்வீட்டில் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் அதை அடக்கத் தெரியவில்லை. அவள் சமாதானம் சொல்ல வரவில்லை. பையைப் பிரிக்கவும் இல்லை. கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க. ஆறிப்போவுது."

பின்கட்டுக் குழாயில் தண்ணீரை வாய் நிறைய வாங்கித் துப்பினார், மறுபடி வாங்கித் துப்பினார். வந்து பார்த்தபோது தட்டின்மேல் மூடியிருந்த மூடியை எடுத்துவிட்டு அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். மீன் குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள்.

"நாளைக்கு மறுபடி ஒண்ணாம் நாள்," என்றாள்.